அளவு வாரம்

கிட்டங்கித் தெருவில் கல் பதித்த அன்றைக்கு எல்லாரும் வெடி போட்டார்கள். நாலு வருடம் கழித்து யோசித்துப் பார்க்கையில் அந்த வெடிச் சத்தம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

உடல் பருமன் என்பது ஆளைப் பிடித்த நோய் இல்லை, தெருவைப் பிடித்த நோய் என்று மருத்துவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்த காலம் அது. அதற்கு முன்னால் பல வருடங்கள் தனித்தனி ஆட்களைத் திட்டிப் பார்த்துவிட்டார்கள். ஊசி போட்டார்கள், இரைப்பையைச் சுருக்கினார்கள், கைக்கடிகாரத்தைக் கொண்டு காலையில் எழுப்பி நடக்கச் சொன்னார்கள். ஊசி நின்றதும் எடை பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. முக்கில் எண்ணெய் புரோட்டாக் கடை, அதற்கு எதிரே பேக்கரி, நடைபாதை முழுக்க பைக்குகள், எட்டு மணி நேரம் உட்கார்ந்தே பார்க்கிற வேலை. இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, ஆளைப் பார்த்து வாயைக் கட்டு என்றால் எப்படிக் கட்டுவான்? ஆகவே தெருவையே ஒரு நோயாளியாக வைத்து வைத்தியம் பார்ப்போம் என்றார்கள். நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல யோசனை நம்மிடம் வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் பிரச்சினை.

தெருவின் இரண்டு முனைகளிலும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும், குளியலறை நிலைப்படியிலும் சாம்பல் நிறத்தில் கற்களைப் பதித்தார்கள். பார்க்கச் சாதாரணத் தளக்கல் மாதிரியே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் மட்டும் அவை விழித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் அளவு வாரம். கல்லை மிதிக்கிறவர் யார் என்பதை நடையை வைத்தே அது தெரிந்துகொள்ளும், எடையைப் பார்க்கும், உள்ளங்கால் வழியாக நாடி, வீக்கம், இதயம் எல்லாவற்றையும் பார்க்கும். கோளாறு ஏதாவது தெரிந்தால் ஒரு மணி நேரத்தில் சுகாதாரப் பணியாளர் வாசலில் நிற்பார். தெருச் சங்கத் தலைவர் பால்பாண்டியின் இதயத்தில் அடைப்பு இருப்பதை முதல் சுற்றிலேயே கல் கண்டுபிடித்துக் காப்பாற்றியது. மனிதர் ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தெரு முனையில் ஒரு பலகை இருந்தது. அளவு வாரத்தில் கல்லை மிதித்தவர்களின் சராசரி எடையைப் பொறுத்து அது சிவப்பாகவோ மஞ்சளாகவோ பச்சையாகவோ எரியும். பச்சைத் தெருவுக்குப் பூங்கா வரும், பள்ளிக்கூடத்தில் இடம் சுலபமாகக் கிடைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், பெரிய சிகிச்சைகளுக்கான வரிசையில் பச்சைத் தெருக்காரர்களுக்கு முன்னிடம். ஊருக்காக உடம்பைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு ஊர் முதலில் பார்க்கும் என்று இதற்கு நியாயம் சொன்னார்கள். கேட்கும்போது சரி என்றுதான் பட்டது.

முதல் வருடம் நன்றாகவே போனது. அதை மறைக்கக் கூடாது. புரோட்டாக் கடைக்காரர் சாயங்காலத்தில் சுண்டல் போட ஆரம்பித்தார். நடைபாதையில் இருந்த பைக்குகள் காணாமல் போயின. பெண்கள் கூட்டமாக நடந்தார்கள், அந்தக் கூட்டத்தில் சத்தமாகச் சிரித்தபடி சுகந்தியும் நடந்தாள்.

சுகந்தி நூற்றெட்டு கிலோ. பருப்பு மில்லில் மேற்பார்வையாளராக இருந்த ஜெயசீலனின் மனைவி. அவன்தான் தெருச் சங்கச் செயலாளர். இருவருக்கும் குழந்தை இல்லை. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சுகந்தி கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவளிடம் படித்தால் கணக்கு வராத பிள்ளைக்குக் கணக்கு வராவிட்டாலும் கணக்கின் மேல் இருந்த பயம் போய்விடும். தன் உடம்பைப் பற்றி யாரும் கேலி பேசுவதற்கு முன்னால் அவளே பேசிவிடுவாள். கல்லைத் தாண்டும்போது குனிந்து அதனிடம், கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ என்பாள். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். கேலியைத் தானே எடுத்துக்கொண்டால் அடுத்தவர் கையில் கொஞ்சம்தான் மிஞ்சும் என்பது அவள் சிறு வயதிலேயே போட்டு வைத்த கணக்கு.

எல்லாரோடும் நடந்தாள், எல்லாரையும் போலச் சாப்பாட்டைக் குறைத்தாள். மற்றவர்களுக்கு இறங்கியது. அவளுக்கு இறங்கவில்லை.

பலகை மஞ்சளில் வந்து நின்றுவிட்டது. பச்சைக்குச் சராசரி இன்னும் கால் கிலோ குறைய வேண்டும். ஒரு சாயங்காலம் பால்பாண்டி ஜெயசீலன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மழை வருமா என்று பேசினார், மில் எப்படி ஓடுகிறது என்று கேட்டார், சீனி போடாத காபியைக் குடித்தார். எழுந்து போகும்போது சுகந்தியைப் பார்த்து மிகவும் கனிவாகக் கேட்டார்.

"என்னம்மா, நீ அம்மா வீட்டுக்குப் போயி ரொம்ப நாளாச்சோ?"

சுகந்தியின் அம்மா இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சாவு எடுப்புக்கு முன்னால் நின்று சங்கு ஊத ஆள் பிடித்ததே பால்பாண்டிதான். இருந்தாலும் இந்த மாதிரி விஷயங்களை வேறு எப்படிக் கேட்பது? வீட்டை விட்டுப் போ என்று ஒரு பெண்ணிடம் சொல்ல முடியுமா? அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லலாம். அதில் மரியாதை இருக்கிறது, பாசம்கூட இருக்கிறது. சுகந்தி ஒரு நிமிஷம் புருஷனைப் பார்த்தாள். அவன் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"ஆமாண்ணே, போயிட்டு வரணும்" என்றாள்.

அந்தச் சுற்றில் பலகை பச்சையாக எரிந்தது. தெரு அவளிடம் நன்றியோடு இருந்தது. திரும்பி வந்த அன்றைக்குப் பூ வாங்கிக் கொடுத்தார்கள், வீட்டு வேலையை ஆள் மாற்றி ஆள் வந்து செய்து கொடுத்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. இந்தக் கதையில் கெட்டவன் என்று ஒருவன் இருந்தால் எழுதுகிற எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் தடவை சிவகாசியில் இருந்த தம்பி வீட்டுக்குத்தான் போனாள். அடுத்த தடவை தம்பி மனைவி போனில், மதினி வர்றது சந்தோஷம்தான், ஆனா எங்க தெருவுக்கும் அதே வாரம்தான் அளவு என்றாள். அதன் பிறகு அங்கே போகவில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் ஏறி, எங்கே இறங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து இருக்கையில் அவளைப் போலவே ஒரு பெரிய உடம்புக்காரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோவில்பட்டிக்காரி, பெயர் முத்துச்செல்வி. எங்கே போறீங்க என்று சுகந்தி கேட்டதற்கு, அம்மா வீட்டுக்கு என்றாள். சொல்லிவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார்கள்.

சாத்தூருக்கு வெளியே, எந்தத் தெருவிலும் சேராத இடத்தில், ஒரு பழைய கல்யாண மண்டபம் இருந்தது. முத்துச்செல்வி அவளை அங்கேதான் கூட்டிப்போனாள். கல்யாணங்கள் குறைந்துபோய்ப் பூட்டிக் கிடந்ததை, அளவு வாரங்களில் மட்டும் அந்தப் பெண்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வந்தார்கள், கழுகுமலையிலிருந்து வந்தார்கள். எல்லாரும் வீட்டில் சொல்லிவிட்டு வந்தது ஒன்றையே. ஆகவே மண்டபத்துக்கு அம்மா வீடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பந்தி பரிமாறுகிற கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். யார் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வயிறு நிறைந்தவுடன் கை தானாக நின்றதே, அது எனக்கே அதிசயமாக இருந்தது என்று சுகந்தி திரும்பி வந்து ஜெயசீலனிடம் சொன்னாள். அவனுக்கு அது என்ன அதிசயம் என்று விளங்கவில்லை.

இப்படியே நான்கு சுற்றுகள் போயின. ஐந்தாவது சுற்று வருவதற்கு முன்னால்தான் சிகிச்சை வரிசையில் இதழினியின் பெயர் வந்தது.

இதழினி எதிர்வீட்டு ரேணுகாவின் மகள். ஒன்பது வயது. பிறவியிலேயே சிறுநீரகம் சரியில்லை. வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்து, வந்த கையோடு சுகந்தியிடம் கணக்குப் படிப்பாள். களைப்பாக இருந்தால் சுகந்தியின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்வாள். டீச்சர் மடி மெத்தை மாதிரி இருக்கு என்று அவள் சொன்னதுதான், தன் உடம்பைப் பற்றிச் சுகந்தி கேட்டவற்றில் அவளுக்குப் பிடித்த ஒரே பேச்சு. மதுரையில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சிறுநீரகம் அந்தக் காலாண்டில் சில பிள்ளைகளுக்குத்தான். இதழினி வரிசையில் இருந்தாள். இந்தச் சுற்றிலும் தெரு பச்சையாக இருந்தால் அவளுக்கு நிச்சயம் கிடைக்கும். மஞ்சளானால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். அடுத்த வருடம்வரை அவள் தாங்குவாளா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

சுகந்திக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மல்லாந்து படுத்தால் திணறியது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, அந்தக் குழி மெதுவாகத்தான் மூடியது. எடை இன்னும் கூடியிருந்தது. தெருவில் சிலர், மதினி மண்டபத்தில் போய் நன்றாகத் தின்கிறார்கள்போல என்றார்கள். ஜெயசீலன் காதில் அது விழுந்தது. அவனும் ஒருவேளை அப்படித்தானோ என்று நினைத்தான்.

புறப்படுகிற அன்று காலையில் செருப்பின் வார் அவள் காலில் ஏறவில்லை. அவன் குனிந்து அதைத் தளர்த்திப் போட்டுவிட்டான். இந்தத் தடவை போக வேண்டாமே, நாளைக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம் என்றான். சொன்னான்தான், ஆனால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை முடியட்டுங்க. திங்கக்கிழமை நீங்களே கூட்டிட்டுப் போங்க. இப்ப நான் இங்க இருந்தா அந்தப் புள்ளைக்கு என்ன ஆகும்?"

அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்: அவனுக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. ரேணுகா எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தி அவளுக்குக் கையை ஆட்டிவிட்டு, கல்லில் மிதிக்காமல் காலை எட்டி வைத்து, ஆட்டோவில் ஏறினாள். அளவு தொடங்க இன்னும் நேரம் இருந்தது, மிதித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் செய்தாள். மூச்சுக்கு இடையில் பேசினாள். மண்டபத்தில் தக்காளி சாதம் என்றாள். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பலகையில் என்ன காட்டுகிறது என்று கேட்டாள். பச்சைதான், நூலிழையில் நிற்கிறது என்றான். அப்ப சரி என்றாள்.

புதன்கிழமை காலையில் முத்துச்செல்வி கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வாங்கண்ணே என்று மட்டும் சொன்னாள். ஜெயசீலன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பணியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். மரணத்தைச் சொல்லிப் பழகாதவர், அதனால் காரணங்களைச் சொன்னார். இதயத்தின் தசை பல மாதங்களாகத் தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ரத்தத்தை இழுத்துத் தள்ள முடியாமல் உடம்பெல்லாம் தண்ணீர் கோத்திருக்கிறது. வயிற்றில், காலில், கடைசியில் நுரையீரலில்.

"கூடுன எடை கொழுப்பு இல்ல சார், தண்ணி. பதினைந்து கிலோவுக்கு மேல வெறும் தண்ணிதான். இதை உங்க தெருக் கல்லு முதல் நாளே கண்டுபிடிச்சிருக்கும். மாத்திரையிலேயே சரி பண்ணியிருக்கலாம்" என்றவர், திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாலு அளவு வாரத்துலயும் இவங்க ஊர்லயே இல்லைன்னு இருக்கே?"

"அம்மா வீட்டுக்குப் போயிருந்தா" என்றான் ஜெயசீலன்.

முத்துச்செல்விதான் மீதியைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்தே சுகந்திக்குத் திணறல். கூட இருந்தவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறோம் என்றதற்கு அவள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா தராசுல ஏத்துவாக, அது எங்க தெருக் கணக்குல விழுந்துரும்னு சொல்லுச்சுண்ணே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிடுதேன், ஒரு புள்ள உசுரு இருக்குன்னுச்சு. நாங்க கெஞ்சுனோம். அது நினைவு தப்புன பொறவுதான் எங்களால தூக்கவே முடிஞ்சது."

டாக்டர் திரும்பி இருவரையும் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எடுக்கிற எடை தெருக் கணக்கில் சேராது என்றார். நோயால் வருகிற எடையையும் சேர்ப்பதில்லை. நோய் என்று கல் கண்டுபிடித்துவிட்டால் அந்த ஆளைச் சராசரியிலிருந்தே எடுத்துவிடும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தோமே என்றார்.

யாருக்குத் தெரியும்? கல் வந்த நாளிலிருந்து கிட்டங்கித் தெரு பார்த்தது பலகையை மட்டும்தான். பால்பாண்டியைக் காப்பாற்றிய கல் இன்னொருத்தரையும் காப்பாற்றக்கூடும் என்று நூற்று நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் எடை அவர்களுக்குத் தெரிந்தது, அவள் தெரியவில்லை. தண்ணீராக இல்லாமல் அது முழுக்கக் கொழுப்பாகவே இருந்திருந்தாலும்தான் என்ன? அப்போதும் அவள் இருக்க வேண்டிய இடம் அவள் வீடுதான். டாக்டர் சொன்னதைக் கேட்டுத் தண்ணீர், தண்ணீர் என்று பிறகு தெருவில் பரிதாபப்பட்டவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தகவல் மண்டபத்துக்குப் போய், பெண்கள் எல்லாரும் டவுன் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். பிணவறைக்கு முன்னால் இருபது பெரிய உடம்புக்காரிகள் வந்து நிற்பதைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் யாரையும் லட்சியம் செய்யவில்லை. புருஷனை விட்டுவிட்டு முந்திக்கொண்ட பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். சிவகாசித் தம்பி வந்துகொண்டே இருந்தான், வந்து சேரவில்லை. முத்துச்செல்வி பையிலிருந்து ஒரு புதுச்சேலையை எடுத்தாள். அரக்குக் கலர், பெரிய பார்டர். அம்மா வீட்டுக் கோடிண்ணே, நாங்கதான கொண்டாரணும் என்றாள். அவர்களே உள்ளே போய்க் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சேலையைச் சுற்றினார்கள். அத்தனை பெரிய உடம்பைத் திருப்பிப் போட ஆஸ்பத்திரி ஆட்கள் யாரும் தேவைப்படவில்லை. அந்த உடம்பை எப்படித் தொட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கிட்டங்கித் தெருவிலிருந்து ஆண்கள் வந்திருந்தார்கள். பெண்களில் ரேணுகா மட்டும் வந்தாள். மற்றவர்கள், உடலை வீட்டுக்குக் கொண்டுவரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். நம் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை; பார்ப்பதென்றால் வாசலில் வைத்துப் பார்ப்பதுதான், அழுவதென்றால் வாசலில் அழுவதுதான்.

பால்பாண்டி ஜெயசீலனை மரத்தடிக்கு அழைத்துப் போனார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. தோளைத் தொட்டுக்கொண்டு பேசினார். வெளியூரில் உயிர் போனதை ஊருக்குள் கொண்டுவருகிற வழக்கம் நம் ஆட்களிடம் கிடையாது என்று ஆரம்பித்தார். நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதுதான் முறை என்றார். போன வருடம் அவருடைய தம்பி சென்னையில் இறந்து, கண்ணாடிப் பெட்டியில் வந்து, முழுதாக ஒரு நாள் தெருவில் கிடந்தார். அப்போது அந்த முறை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"தம்பி, வாசல்ல வச்சா கல்லு மேலதான் வைக்கணும். தெரு முனையில தூக்கிட்டு வந்தாலும் கல்லு மேலதான். செத்த உடம்புல நோயக் கல்லு எங்க கண்டுபிடிக்கப் போவுது, எடைய மட்டுந்தான் பாக்கும். அளவு முடிய இன்னும் நாலு நாளு கெடக்கு. நாலு நாளு ஐஸ்ல போட்டு வச்சிருக்கிறதும் நல்லாவா இருக்கு? அந்தப் பச்சைப்புள்ளைய நெனச்சுப் பாரு" என்றார்.

அவள் வீட்டுக்கு வர வேண்டும். ஜெயசீலன் மனதில் அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நாலு தடவை அனுப்பினேன், ஐந்தாவது தடவையும் அனுப்பினேன், இந்த ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். அப்போது ரேணுகாவைப் பார்த்தான். அவள் சுவரோரமாகத் தனியாக நின்றிருந்தாள். அவன் பக்கத்தில் வந்தாள். கையைக் கூப்பினாள்.

"அண்ணே, மதினிய நீங்க எங்க கொண்டு போகணுமோ கொண்டு போங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கேக்குறதுக்கு எனக்கு வாய் இல்ல."

கேட்டிருந்தால் அவன் மறுத்திருப்பான். அவள் கேட்கவில்லை. சுகந்தி இருந்தால் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதானே காரியம் நடத்தினான்.

"நேராவே போயிருவோம்ணே" என்றான் பால்பாண்டியிடம்.

வண்டி கிட்டங்கித் தெரு முனையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தெருப் பெண்கள் முனைக்கு ஓடிவந்து, கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதார்கள். வண்டி நின்றது, நின்று கிளம்பியது. ஜெயசீலன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பலகை பச்சையில் நின்றது. வெடி போடவில்லை, அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்கள். திங்கட்கிழமை விடியற்காலையில் இதழினியை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டீச்சர் எங்கே என்று அவள் கேட்டதற்கு, ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். சீக்கிரம் வரச் சொல்லுங்க, ஏழாம் வாய்ப்பாடு முழுசா வந்துருச்சு என்று ஜெயசீலனிடம் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது. இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, சுகந்திக்கும் இருக்காது.

அன்று காலை பத்து மணிக்குச் சுகாதாரப் பணியாளர் அஃப்ரீனா வந்தாள். அளவு வாரத்தில் ஊரில் இல்லாதவர்களை வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பது அவள் வேலை. வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வாசல் கல்லில் நின்று, சுகந்தி மேடம் திரும்பி வந்துட்டாங்களா சார் என்று கேட்டாள்.

அவன் சொன்னான். அவள் சங்கடப்பட்டு, மன்னிப்புக் கேட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தாள். இறப்பைப் பதிய வேண்டும், சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றாள். எங்கே இறந்தார்கள், எப்போது, அடக்கமா தகனமா, வீட்டில் எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரவில்லை என்றான்.

அவள் தலையைத் தூக்கினாள். ஏன் என்று கேட்டாள். அது அவள் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. மனசு கேட்காமல் கேட்டுவிட்டாள். அவனும் மறைக்கவில்லை. அளவு வாரம், வாசலில் கல், பலகை நூலிழையில் இருந்தது, எதிர்வீட்டுப் பிள்ளை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"கொண்டு வந்திருக்கலாமே சார்" என்றாள் அஃப்ரீனா. "கல்லு நாடியை வச்சுத்தான் ஆளை எண்ணும். நாடி இல்லாதவங்க எடையை அது எடுக்காது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் வச்சிருந்திருக்கலாம்."

அவன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அவள் இன்னொரு தடவை சொன்னாள், மெதுவாக, புரியும்படியாக.

உயிரோடு இருந்தவரை அந்தத் தெருவில் அவளுக்கு இடம் இல்லை. செத்த பிறகு இருந்திருக்கிறது. ஒரு பொழுது முழுக்கத் தன் வீட்டு வாசலில், தன் ஆட்களுக்கு நடுவில், யாருக்கும் ஒரு பாரமும் ஆகாமல் அவள் படுத்திருந்திருக்கலாம். ஜெயசீலன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தான். புதன்கிழமையிலிருந்து அழாதவன், தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அஃப்ரீனா பதறிப்போனாள். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இந்தத் தெருவில் எதற்காகப் பயப்படுவார்கள் என்பது இந்த ஆறு மாதத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது. கையிலிருந்த திரையில் சுகந்தியின் பெயரை நீக்கிவிட்டு, அதை அவன் கண்ணுக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள்.

"பயப்படாதீங்க சார், பாருங்க" என்றாள் ஆறுதலாக. "சராசரி மாறவே இல்ல."